தி கிளாஷ், ஜோ ஸ்ட்ரம்மர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தி கிளாஷ் குழுவில் யார் யார்? எவ்வளவு காலம் இயங்கியது?

1976-ல் லண்டனில் உருவாகி 1986 தொடக்கத்தில் கலைந்த பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) குழு. பாட்டும் ரிதம் கிட்டாரும் ஜோ ஸ்ட்ரம்மர். லீட் கிட்டாரும் பாதிப் பாட்டும் மிக் ஜோன்ஸ். பேஸ் பால் சிமனன். டிரம்ஸில் முதலில் டெர்ரி சைம்ஸ், 1977 முதல் 1982 வரை டாப்பர் ஹெடன். ஆரம்பத்தில் கீத் லெவீன் என்ற மூன்றாவது கிட்டார்காரரும் இருந்தார். சில மாதங்களில் விலகினார். முதல் கச்சேரி 1976 ஜூலை 4, ஷெஃபீல்டில் பிளாக் ஸ்வான் என்ற மதுக்கடையில், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இன்னொரு பங்க் குழுவுக்கு முன்னால். ஸ்டுடியோ ஆல்பங்கள் மொத்தம் ஆறு. ஆறாவதை இந்தக் குழுவின் கணக்கில் சேர்க்கலாமா என்பது பழைய வழக்கு, கீழே வருகிறது.

ஸ்ட்ரம்மரின் சொந்தப் பெயர் என்ன? அவர் தொழிலாளி வர்க்கப் பையன்தானா?

ஜான் கிரஹாம் மெல்லர். பிறந்தது 1952 ஆகஸ்ட் 21, துருக்கியின் அங்காராவில். அப்பா ரொனால்ட் மெல்லர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர். அவர் பிறந்த ஊர் நம் லக்னோ. குடும்பம் கெய்ரோ, மெக்சிகோ சிட்டி, பான் என்று மாறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் விட்டார்கள். 1970-ல் அண்ணன் டேவிட் தற்கொலை செய்துகொண்டார்.

ஆக, தெருவில் வளர்ந்தவர் அல்ல. தொடக்க காலப் பேட்டிகளில் இதை அவர் முடிந்தவரை மறைத்தார். பத்திரிகைகள் பிறகு தோண்டி எடுத்துக் குத்திக் காட்டின. ஆனால் 1970-களின் நடுவில் ஆள் இல்லாத வீடுகளில் புகுந்து குடியிருந்ததும், வேல்ஸின் நியூபோர்ட்டில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியதும் நிஜம். பிறப்பை வைத்து அவரை அளப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

கிளாஷுக்கு முன்னால் என்ன செய்தார்?

101-அர்ஸ் என்ற குழுவில் பாடினார். அவர்கள் தங்கியிருந்த வீட்டின் எண் 101, வால்டர்டன் சாலை. பெயர் அதிலிருந்து வந்தது. மதுக்கடைகளில் பழைய ராக் அண்ட் ரோல் வாசிக்கும் குழு, நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. 1976 ஏப்ரல் 3 அன்று லண்டனின் நாஷ்வில் ரூம்ஸில் இவர்களுக்கு முன்னால் வாசிக்க செக்ஸ் பிஸ்டல்ஸ் வந்தார்கள். அந்த ஒரு மாலையில் தன் குழு பழங்கணக்கு ஆகிவிட்டது என்று ஸ்ட்ரம்மருக்குப் புரிந்தது. கிளாஷின் மேலாளர் பெர்னி ரோட்ஸ் அழைத்ததும் ஜோன்ஸ், சிமனனோடு சேர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 23. பங்க் கூட்டத்தில் அது கொஞ்சம் முதிர்ந்த வயதுதான்.

அவருடைய கிட்டார் எது? ஏன் அவர் தனி வாசிப்பே செய்வதில்லை?

1966-ல் செய்த ஃபெண்டர் டெலிகாஸ்டர். வாங்கும்போது சன்பர்ஸ்ட் நிறம். பிறகு கார் பெயின்ட் அடித்துக் கறுப்பாக்கினார். பிரிட்டனில் தங்க வழி தேடிய ஒரு தென்னாப்பிரிக்கப் பெண்ணை ஒப்புக்குக் கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு 100 பவுண்டு கிடைத்தது. அந்தக் காசு கிட்டாருக்குப் போனது.

அவர் இடக்கைக்காரர். ஆனால் வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரிலேயே கற்றுக்கொண்டார். அதனால் திறமையான கை தந்தியை அமுக்கும் ஃப்ரெட்டிலும், பழகாத கை தந்தியை அடிப்பதிலும் போய்ச் சேர்ந்தது. தந்தி ஒவ்வொன்றாக மீட்டும் நுணுக்கம் வரவில்லை. ஆறு தந்தியையும் சேர்த்து வீசி அடிப்பதுதான் வந்தது. தனக்கு வைத்துக்கொண்ட பெயரும் அதைத்தான் சொல்கிறது (‘ஸ்ட்ரம்’ என்றால் தந்திகளைச் சேர்த்து அடிப்பது). வீசி அடித்ததில் முன்கை உரசி ரத்தம் வரும். மேடையில் முன்கையைச் சுற்றி ஒரு காப்பு கட்டிக்கொள்வார். படங்களில் தெரியும் அந்தக் கட்டு அலங்காரம் அல்ல. 2007-ல் ஃபெண்டர் நிறுவனம் அவர் பெயரில் ஒரு டெலிகாஸ்டரை விற்பனைக்கு விட்டது. பெயின்ட் பெயர்ந்த தோற்றத்தோடே.

சி.பி.எஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

1977 ஜனவரி 25 அன்று 1 லட்சம் பவுண்டுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பங்க் பத்திரிகை நடத்திய மார்க் பெர்ரி, அந்த நாளோடு பங்க் செத்துவிட்டது என்று எழுதினார்.

1 லட்சம் பவுண்டு என்றால் கொழுத்த காசு என்று நினைப்பார்கள். அது முன்பணம். ஆல்பம் விற்றுவரும் ராயல்டியிலிருந்து கம்பெனி அதை முதலில் கழித்துக்கொள்ளும். கழிந்த பிறகுதான் குழுவுக்கு ஒரு பைசா. ஒலிப்பதிவுச் செலவு, பயணம், சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதைவிட மோசம் எண்ணிக்கை: ஐந்து ஆல்பம் என்று நினைத்துக் கையெழுத்திட்டார்கள், கம்பெனி விரும்பினால் பத்து வரை நீட்டிக்கொள்ளலாம் என்று உள்ளே இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்குப் பல வருடம் வட்டி கட்டினார்கள். கிளாஷின் கதையில் விலை, ராயல்டி, யார் முடிவெடுப்பது என்று திரும்பத் திரும்ப வரும் தகராறுகளுக்கு வேர் இங்கேதான். அரசியல் பாட்டுகளைவிட இந்தக் கணக்குகளில்தான் அவர்கள் நிஜமாகப் போராடினார்கள் என்பது எங்கள் கருத்து.

கம்பெனியோடு நடந்த முதல் மோதல் எது?

‘ரிமோட் கண்ட்ரோல்’ பாட்டை 1977 மே மாதம் குழுவைக் கேட்காமலே சிங்கிளாக (தனிப்பாட்டுத் தட்டாக) வெளியிட்டது சி.பி.எஸ். பதிலாக அதே ஆண்டு செப்டம்பரில் ‘கம்ப்ளீட் கண்ட்ரோல்’ வந்தது. கம்பெனி செய்ததைப் பெயர் சொல்லித் திட்டும் பாட்டு. அதை வெளியிட்டதும் அதே கம்பெனிதான். தயாரிப்பாளர் ஜமைக்காவின் லீ பெர்ரி.

முதல் ஆல்பம் இரண்டு விதமாகக் கிடைக்கிறதே, எதைக் கேட்பது?

பிரிட்டிஷ் பதிப்பு 1977 ஏப்ரல் 8-ல் வந்தது, 14 பாட்டு. மேடை ஒலியமைப்பாளர் மிக்கி ஃபுட் தயாரிப்பில் மூன்று வார இறுதிகளில், சுமார் 4,000 பவுண்டு செலவில் முடித்தார்கள். ஒலி கரடுமுரடாக இருக்கிறது என்று அமெரிக்க சி.பி.எஸ் வெளியிட மறுத்தது. அமெரிக்க ரசிகர்கள் இறக்குமதியாக வாங்கித் தள்ளினார்கள். விற்பனையைப் பார்த்துவிட்டு 1979 ஜூலையில் அமெரிக்கப் பதிப்பு வந்தது: நான்கு பாட்டைத் தூக்கிவிட்டு, இடையில் வந்த சிங்கிள்களிலிருந்து ஐந்தைச் சேர்த்து 15.

தனித்தனிப் பாட்டாகப் பார்த்தால் அமெரிக்கப் பதிப்பில் சரக்கு அதிகம். ஆனால் 1979-ன் வாசிப்பும் 1977-ன் வாசிப்பும் ஒரே தட்டில் கலந்து கிடக்கும். டிரம்ஸ் பாட்டுக்குப் பாட்டு மாறுவது காதில் இடறும். முதலில் பிரிட்டிஷ் பதிப்பு, பிறகு சிங்கிள்களைத் தனியாகக் கேளுங்கள். அட்டையில் டிரம்ஸ்காரர் பெயர் ‘டோரி கிரைம்ஸ்’ என்று இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். விலகிப் போன டெர்ரி சைம்ஸைக் கிண்டல் செய்து போட்டது.

‘ஒயிட் ரயட்’ இனவெறிப் பாட்டா?

இல்லை. 1976 ஆகஸ்டில் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீஸுக்கும் கலவரம் வெடித்தபோது ஸ்ட்ரம்மரும் சிமனனும் அங்கே இருந்தார்கள். கறுப்பினத்தவர் எதிர்க்கிறார்கள், வெள்ளை இளைஞர்கள் ஏன் வாய்மூடி இருக்கிறார்கள் என்பதுதான் பாட்டு. தலைப்பை மட்டும் பார்த்துத் தவறாக எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். 1978 ஏப்ரல் 30-ல் விக்டோரியா பார்க்கில் நடந்த ‘ராக் அகைன்ஸ்ட் ரேசிசம்’ கூட்டத்தில் குழு வாசித்தது. அதற்குப் பிறகும் அந்தக் கேள்வி ஓயவில்லை.

பங்க் குழு ஜமைக்காவின் ரெகே இசையை வாசித்தது எப்படி?

சிமனன் வளர்ந்த தெற்கு லண்டனில் ரெகே வீதியிலேயே ஒலித்தது. ராக்ஸி என்ற பங்க் கிளப்பில் டான் லெட்ஸ் தட்டுப் போடுவார். பங்க் தட்டுகள் அப்போது போதுமான அளவு வராததால் ரெகேதான் ஓடும். ஜூனியர் மர்வினின் ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ பாட்டை முதல் ஆல்பத்தில் ஆறு நிமிடம் வாசித்திருக்கிறார்கள்.

வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ரெகேயில் கிட்டார் அடி தாளத் தட்டுக்கு இடையில் விழும். வெள்ளைக் குழுக்கள் பெரும்பாலும் இரண்டு கிட்டாரையும் அப்படியே இடையில் போட்டு, போலியாக ஒலித்தன. ஜோன்ஸின் யோசனை வேறு: ஒரு கிட்டார் தட்டின்மேல், மற்றது தட்டுக்கு இடையில். அதனால் பாட்டு ரெகேயாக நகர்ந்தாலும் பங்கின் எடை குறையவில்லை. ஹெட்போனில் இடது வலது காதைப் பிரித்துக் கேட்டால் தெரியும்.

1978-ல் வந்த ‘ஒயிட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பலே’ இந்தப் பாதையின் உச்சம். ஜமைக்காப் பாடகர்களின் இரவுக் கச்சேரிக்குப் புரட்சி எதிர்பார்த்துப் போய், பளபளப்பான கேளிக்கையைக் கண்டு திரும்பிய ஏமாற்றம் அதில் இருக்கிறது. அந்த ஏமாற்றத்தில் பங்க் குழுக்களையும் ஸ்ட்ரம்மர் விட்டுவைக்கவில்லை.

டாப்பர் ஹெடன் அவ்வளவு முக்கியமா?

ஆம். ஜாஸ், சோல், ஃபங்க் எதைக் கேட்டாலும் அடிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் வராமல் போயிருந்தால் ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தில் இருக்கும் பாதி வகைகளை முயன்றே பார்த்திருக்க முடியாது.

‘லண்டன் காலிங்’ இரட்டை ஆல்பம் ஒற்றை விலைக்கு விற்றது எப்படி?

கம்பெனியை ஏமாற்றித்தான். இரட்டை ஆல்பத்துக்கு சி.பி.எஸ் மறுத்தது. சரி, ஆல்பத்தோடு ஒரு 12 அங்குல சிங்கிள் இலவசமாகத் தரலாமா என்று கேட்டார்கள், ஒப்புக்கொண்டது. அந்த ‘சிங்கிள்’ தட்டில் ஒன்பது பாட்டு ஏறியது. மொத்தம் 19 பாட்டு, விலை 5 பவுண்டு. 1979 டிசம்பர் 14-ல் பிரிட்டனில் வெளியீடு, விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடம். அமெரிக்காவில் 1980 ஜனவரியில் வந்ததால் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை இதை எண்பதுகளின் சிறந்த ஆல்பம் என்று அறிவித்தது. பிரிட்டிஷ்காரர்களுக்கு அது எழுபதுகளின் ஆல்பம்.

உழைப்பு எப்படி நடந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய ஆல்பம் ‘கிவ் எம் இனஃப் ரோப்’ (1978) அமெரிக்கத் தயாரிப்பாளர் சாண்டி பெர்ல்மனின் கையில் மாதக்கணக்கில் இழுத்து, மெருகேறி, உயிர் கொஞ்சம் போயிருந்தது. இந்த முறை பிம்லிகோவில் ஒரு பழைய கராஜின் பின்பக்கம், வனில்லா என்ற அறையில் 1979 கோடை முழுக்க ஒத்திகை. தினமும் வருவது, வாசிப்பது, மாலையில் கால்பந்து ஆடுவது. ஸ்டுடியோவுக்குப் போகும்போது பாட்டுகள் கைவந்திருந்தன. வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவில் வேலை சில வாரத்தில் முடிந்தது. தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் நாற்காலி எறிவார், ஏணியைச் சுழற்றுவார். ஆனால் மைக், அளவு எல்லாம் சரியாக இருந்ததற்குக் காரணம் ஒலிப்பொறியாளர் பில் பிரைஸ். ஸ்டீவன்ஸின் கிறுக்குத்தனத்தைப் பற்றி எழுதும் பலர் பிரைஸை மறந்துவிடுகிறார்கள்.

அட்டையில் உடைபடும் கிட்டார் யாருடையது?

கிட்டார் அல்ல, சிமனனின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பல்லேடியத்தில் எடுத்த படம். எடுத்த பென்னி ஸ்மித்துக்கு அது பிடிக்கவில்லை. ஃபோகஸ் தப்பிவிட்டது என்றார். அவர் பின்னால் நகர்ந்துகொண்டே எடுத்ததால் வந்த மங்கல் அது. ஸ்ட்ரம்மரும் வடிவமைப்பாளர் ரே லவ்ரியும் பிடிவாதமாக அதையே வைத்தார்கள். இளஞ்சிவப்பும் பச்சையுமான எழுத்து எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்திலிருந்து எடுத்தது.

‘சாண்டினிஸ்டா!’ மூன்று தட்டு, 36 பாட்டு. முழுக்கக் கேட்க வேண்டுமா?

ஒரே மூச்சில் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு வீதம் ஆறு பக்கம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தட்டுகளில் அலுப்பு குறைவு. மூன்றாவதில் டப் (குரலைக் குறைத்து எதிரொலி சேர்த்த ரெகே) பதிப்புகளும் குழந்தைகள் பாடும் பழைய பாட்டுகளும் உண்டு. அங்கே போய் முதலில் விழுந்தவர்கள்தான் இந்த ஆல்பம் குப்பை என்பார்கள்.

1980 டிசம்பர் 12-ல் 5.99 பவுண்டுக்கு வந்தது. அந்த விலைக்குக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது: பிரிட்டனில் முதல் 2 லட்சம் பிரதிக்குக் குழுவுக்கு ராயல்டி கிடையாது. ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டனில் 19-ம் இடத்தோடு நின்றதால் அது நிஜமான நஷ்டம். தட்டின் எண் எஃப்.எஸ்.எல்.என் 1, நிகராகுவா புரட்சி இயக்கத்தின் சுருக்கப் பெயர்.

பாண்ட்ஸ் கேசினோவில் 17 கச்சேரி எதற்கு?

1981 மே மாதம் நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் எட்டு கச்சேரி என்று ஏற்பாடு. அரங்க உரிமையாளர்கள் அனுமதிக்கப்பட்டதைவிட மிக அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டார்கள். நகர அதிகாரிகள் தடுத்தார்கள். டிக்கெட் வாங்கிய எல்லாரையும் உள்ளே விட ஒரே வழி கூட்டத்தைப் பிரித்துக் கூடுதல் கச்சேரி செய்வது. அதனால் 17. முன்னால் வாசிக்க கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷை அழைத்திருந்தார்கள். ராப் கேட்டுப் பழகாத கிளாஷ் ரசிகர்கள் அவர்மீது கையில் கிடைத்ததை எறிந்தார்கள். குழு மேடையிலேயே ரசிகர்களைக் கடிந்துகொண்டது.

‘ராக் த காஸ்பா’ யார் பாட்டு?

இசை முழுக்க டாப்பர் ஹெடன். மற்றவர்கள் ஸ்டுடியோவுக்கு வருவதற்குள் டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் தானே வாசித்து வைத்துவிட்டார். ஸ்ட்ரம்மர் வரிகளை மாற்றி எழுதினார். அமெரிக்காவில் எட்டாம் இடம் வந்தது. குழுவின் பெரிய வெற்றி. ஆனால் வீடியோவில் டிரம்ஸ் அடிப்பவர் டெர்ரி சைம்ஸ்! படம் பிடிக்கும் முன்பே ஹெடனை நீக்கியிருந்தார்கள்.

1982-ல் ஸ்ட்ரம்மர் காணாமல் போனது நாடகமா?

பாதி. டிக்கெட் மந்தமாக விற்றதால் சில நாள் தலைமறைவாகு என்று ரோட்ஸ்தான் சொன்னார். ஸ்ட்ரம்மர் அவருக்கும் சொல்லாமல் பாரிஸுக்குப் போய் நிஜமாகவே மறைந்துவிட்டார். சுற்றுப்பயணம் தடைபட்டது. மே மாதம் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். நெதர்லாந்தின் லோஹெம் விழாவில் வாசித்த உடனே, ஹெராயின் பழக்கத்துக்காக ஹெடனை அனுப்பினார்கள்.

குழு உடைந்ததற்கு உண்மைக் காரணம் என்ன?

ஒன்றல்ல. ‘காம்பேட் ராக்’ (1982) ஆல்பத்தை ஜோன்ஸ் இரட்டைத் தட்டாகக் கலந்து வைத்திருந்தார். மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை, கிளின் ஜான்ஸை அழைத்து ஒற்றைத் தட்டாகச் சுருக்கினார்கள். அது அமெரிக்காவில் ஏழாம் இடம் வரை போனது. விற்பனை சரி, ஜோன்ஸின் மனம் சரியில்லை. 1982 அக்டோபரில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ‘தி ஹூ’ ராக் குழுவுக்கு முன்னால் வாசித்தார்கள். 1983 மே 28-ல் கலிஃபோர்னியாவின் யு.எஸ். விழாவில் 5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, ‘கிளாஷ் விற்பனைக்கல்ல’ என்று பின்னால் பதாகை கட்டி வாசித்தார்கள். ஜோன்ஸுக்கு அதுவே கடைசி மேடை. செப்டம்பரில் ஸ்ட்ரம்மரும் சிமனனும் அவரை நீக்கினார்கள்.

1981-ல் ரோட்ஸைத் திரும்ப அழைத்துவந்தது ஸ்ட்ரம்மரின் வற்புறுத்தல். ஜோன்ஸை நீக்கும் யோசனைக்குத் தூபம் போட்டவரும் ரோட்ஸ். ஆனால் பழியை மேலாளர் தலையில் மட்டும் போடுவது எளிது. இசையமைப்பவரையும் டிரம்ஸ்காரரையும் பதினாறு மாதத்துக்குள் அனுப்பியது ஸ்ட்ரம்மர் சம்மதித்த முடிவு. பின்னாளில் அவரே அதைத் தவறு என்று சொன்னார்.

ஆறாவது ஆல்பம் ‘கட் த க்ராப்’ கேட்கலாமா?

‘திஸ் இஸ் இங்லண்ட்’ ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். மற்றதில் டிரம் மெஷினும் கூட்டக் கோஷமும் நல்ல பாட்டுகளையும் மூடிவிட்டன. தயாரிப்பில் ரோட்ஸின் கை. ஜோன்ஸும் ஹெடனும் இல்லாததால்தான் இதைக் கிளாஷ் கணக்கில் சேர்க்கலாமா என்ற வழக்கு. 1985 நவம்பரில் வந்தது. அதே ஆண்டு மே மாதம் அந்தக் குழு மின்சாரக் கருவி இல்லாமல் பிரிட்டனின் தெருக்களில் வாசித்துக் காசு வாங்கியது. அந்தச் சுற்றுதான் அந்தக் காலத்தின் நல்ல பகுதி.

பிறகு ஸ்ட்ரம்மர் என்ன செய்தார்?

படங்களுக்கு இசை, சில படங்களில் நடிப்பு, 1989-ல் விற்காத ஒரு தனி ஆல்பம், 1991-ல் ஷேன் மெகவனுக்குப் பதிலாக போக்ஸ் குழுவில் கொஞ்ச காலம். தனி ஆல்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து வருடம். 1999-ல் மெஸ்கலெரோஸ் குழுவோடு திரும்பினார், மூன்று ஆல்பம். எதில் தொடங்குவது என்றால் ‘ஸ்ட்ரீட்கோர்’ (2003), இறந்த பிறகு வந்தது.

குழு மீண்டும் சேர்ந்ததா?

இல்லை. 2002 நவம்பர் 15 அன்று ஆக்டன் டவுன் ஹாலில் தீயணைப்புத் தொழிலாளர் சங்கத்துக்காக மெஸ்கலெரோஸ் வாசித்தபோது, பார்வையாளராக வந்த ஜோன்ஸ் மேடை ஏறி மூன்று பாட்டு வாசித்தார். டிசம்பர் 22-ல் சாமர்செட்டில் தன் வீட்டில் ஸ்ட்ரம்மர் இறந்தார்; வயது 50. பிறவியிலேயே இதயத்தில் இருந்த, கண்டறியப்படாத கோளாறு.

எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ கிளாஷ் பாட்டா?

அதன் அடித்தளம் ‘காம்பேட் ராக்’கில் உள்ள ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டின் தொடக்க இசை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டன் திரும்பிய பாடகி மாதங்கி அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) தன் ‘கலா’ (2007) ஆல்பத்துக்காக அதை எடுத்தார். கிளாஷின் நால்வர் பெயரும் எழுதியோர் பட்டியலில் உண்டு. ராயல்டியும் அதன்படி போகும். அமெரிக்காவில் நான்காம் இடம் வந்தது. மூலப் பாட்டும் குடியேறிகளைப் பற்றியது, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளைப் பற்றியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஒலித்ததால், ஏ.ஆர். ரஹ்மானின் பாட்டுகள் உள்ள அதே ஆல்பத்தில் ஸ்ட்ரம்மரின் பெயரும் இருக்கிறது.

பழைய தட்டு வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

‘லண்டன் காலிங்’ முதல் அச்சின் அட்டையில் ‘ட்ரெய்ன் இன் வெய்ன்’ பெயர் இருக்காது. கடைசி நேரத்தில் சேர்ந்த பாட்டு. நான்கு பக்கத்தின் உள்வளையத்திலும் ஒவ்வொரு சொல்லாகக் கீறி ஒரே வாக்கியம் வரும். எண் கிளாஷ் 3. பாட்டு வரி அச்சிட்ட உள் உறைகள் இரண்டும் இருக்கிறதா பாருங்கள்; பெரும்பாலும் அதுதான் தொலைந்திருக்கும். முதல் ஆல்பத்தின் முதல் 10,000 பிரதிகளில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் வந்தது, அதை என்.எம்.ஈ. பத்திரிகைக்கு அனுப்பினால் ‘கேபிடல் ரேடியோ’ இசைத்தட்டு அப்போது இலவசமாகக் கிடைத்தது. ஆகவே ஸ்டிக்கரோடு இருக்கும் உறை விலை கூடுதல்.

கிட்டார் பழகுபவர் எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

‘ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ’. டி, ஜி, எஃப் மூன்று கார்டுகள், நடுவில் ஏ. கார்டு எளிது, கெடுப்பது இடைவெளி. அடித்ததும் தந்தியை அமுக்கி ஒலியை நிறுத்த வேண்டும், அடுத்த அடிவரை ஒன்றும் ஒலிக்கக் கூடாது. அந்த மௌனத்தை நிரப்பினால் பாட்டு வேறு ஏதோ ஆகிவிடும். அடுத்தது ‘லண்டன் காலிங்’: ஈ மைனரில், ஒரு பாருக்கு நான்கு வெட்டு, எல்லாம் கீழ்நோக்கி. அங்கேயும் கார்டை நீள விடுவதுதான் பொதுத் தவறு. வேகத்தைக் கூட்டும் முன் மெட்ரோனோம் வைத்துப் பாதி வேகத்தில் டிரம்ஸோடு ஒன்றாக விழுகிறதா என்று பாருங்கள். ‘ஒயிட் ரயட்’டைக் கடைசிக்கு வையுங்கள், மணிக்கட்டு இறுகிவிட்டால் இரண்டு நிமிடப் பாட்டு ஒரு நிமிடத்திலேயே தள்ளாடத் தொடங்கும்.